படுக்கையிலும் நாற்காலியிலும்: கீமோ நாட்களுக்கான மெல்லிய யோகா, முழுமையான வழிகாட்டி

பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து மூன்றாவது கீமோவும் ஏறியிருந்த சமயம். நான் யோகா சொல்லிக்கொடுப்பவள் என்பதால் வீட்டில் எல்லோரும் "நீ வந்து கொஞ்சம் செய்ய வைம்மா, தெம்பு வரும்" என்றார்கள். கும்பகோணம் வீட்டில், கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவரிடம் "கையைத் தூக்குங்க பெரியம்மா" என்றேன். தூக்கினார். கை காது வரைக்கும்கூட வரவில்லை, அதற்குள் மூச்சு வாங்கிவிட்டது, உதடு வெளுத்தது, இருந்தாலும் நான் சொன்னேனே என்பதற்காக இன்னும் இரண்டு தடவை தூக்கினார். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. அன்று நான் கை எவ்வளவு உயரம் போகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன், மூச்சைப் பார்க்கவே இல்லை. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு தவறிலிருந்து வந்ததுதான்.

கீமோ, ரேடியேஷன், பெரிய ஆபரேஷன் என்று உடம்பு நொந்துபோயிருக்கும் ஒருவர், வீட்டில் ஒரு நாற்காலியும் இரண்டு தலையணையும் வைத்துக்கொண்டு என்ன செய்யலாம், எதைத் தொடவே கூடாது, எந்த நாளில் எவ்வளவு என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். புற்றுநோயை வைத்து எழுதினாலும், நாள்பட்ட இதய, நுரையீரல், சிறுநீரக நோயில் இருப்பவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும். அவரவர் மருத்துவரைக் கேட்டுக்கொண்டால் போதும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்

யோகா புற்றுநோயைக் குணப்படுத்தாது. கட்டியைக் கரைக்காது. "கீமோவை விட்டுவிட்டு மூச்சுப்பயிற்சி செய்யுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் அவரிடம் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். நல்ல மனசோடுதான் சொல்வார்கள், ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டு மருந்தை நிறுத்தி, மூன்று மாதம் கழித்து நோய் பரவிய நிலையில் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் எதற்கு இது? தூக்கத்துக்கு, களைப்புக்கு, பதற்றத்துக்கு, படுத்தே கிடந்து இறுகிப்போன மூட்டுகளுக்கு. சிகிச்சை முடிந்த 410 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு ஒன்றில், மெதுவான ஆசனம், மூச்சு, தியானம் மூன்றும் சேர்ந்த வகுப்பை வாரத்துக்கு இரண்டு தடவை, ஒரு தடவைக்கு 75 நிமிடம், நான்கு வாரம் செய்தவர்களின் தூக்கம் மற்றவர்களைவிட நன்றாக முன்னேறியது. அவர்கள் சிகிச்சையை முடித்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். கீமோ நடுவில் இருப்பவருக்கு 75 நிமிடம் என்பது நினைத்தே பார்க்கக்கூடாத கணக்கு. பத்து நிமிடம் தாராளம்.

இது ஏதோ இந்தக் காலத்துக்காகத் தண்ணீர் ஊற்றி இளக்கின யோகா என்றும் நினைக்க வேண்டாம். சென்னையில் பல பத்தாண்டுகள் கற்பித்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார், ஆளுக்கு ஏற்ற மாதிரி பயிற்சியை மாற்ற வேண்டுமே தவிர, பயிற்சிக்கு ஏற்ற மாதிரி ஆளை வளைக்கக் கூடாது என்ற வழியில் வந்தவர். 96 வயதில் அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது படுக்கையில் இருந்தபடியே செய்யக்கூடிய பயிற்சியைத் தனக்குத்தானே வகுத்துக்கொண்டார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரமும் அதே வழிதான். நாற்காலி, கயிறு, திண்டு என்று வீட்டுச் சாமான்களை ஆசனத்துக்குத் துணையாகக் கொண்டுவந்த பி.கே.எஸ். ஐயங்காரும் அதே கிருஷ்ணமாச்சாரியாரின் மாணவர்தான். ஆக, நாற்காலியில் உட்கார்ந்து செய்வது இரண்டாம் தரம் என்று உங்கள் மனதில் ஓர் எண்ணம் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

படி 1: மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டியவை

"யோகா செய்யலாமா டாக்டர்?" என்று கேட்டால் "ம், லைட்டா செய்யுங்க" என்றுதான் பதில் வரும். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது அவரும் வேறென்ன சொல்வார். அதனால் கேள்வியைக் குறிப்பாகக் கேளுங்கள். ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

நோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா, பரவியிருந்தால் எந்த எலும்பு? இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். முதுகெலும்பில் பரவியிருந்தால் முன்னால் குனிவதும் இடுப்பை முறுக்குவதும் எலும்பு முறிவில் கொண்டுபோய் விடலாம். தொடை எலும்பில் என்றால் ஒற்றைக் காலில் பாரம் போடுவது ஆபத்து.

அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்திருக்கிறார்களா, எந்தப் பக்கம்? தையல் ஆறிவிட்டதா, கை எவ்வளவு உயரம் தூக்கலாம்? காயத்திலிருந்து நீர் வடிய வைக்கும் டிரெயின் குழாய் இருக்கும்வரை தோள் உயரத்துக்கு மேல் வேண்டாம் என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். மருந்து ஏற்றுவதற்காக மார்பில் போர்ட் அல்லது கையில் பிக் லைன் என்ற குழாய் வைத்திருந்தால், அந்தக் கையை எதுவரை அசைக்கலாம் என்பதைத் தனியாகக் கேளுங்கள். டாக்சோரூபிசின் மாதிரி இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து போகிறதா, கடைசி எக்கோ (இதய ஸ்கேன்) எப்படி இருந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக ரத்தப் பரிசோதனை. ஒவ்வொரு கீமோவுக்கு முன்பும் எடுக்கிறார்களே, அந்தத் தாளைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். 50,000-க்குக் கீழே போய்விட்டால் சுவரைத் தள்ளுவது, அழுத்திப் பிடிப்பது மாதிரி பலம் போடும் எதுவும் வேண்டாம், விழுந்துவிடக்கூடிய எதுவும் வேண்டாம். 20,000-க்குக் கீழே என்றால் மூச்சு மட்டும், அதையும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு. ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே இருந்தால் நின்று செய்யும் பகுதியை மறந்துவிடுங்கள், தலை சுற்றும். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் கூட்டமாக நடக்கும் வகுப்புக்குப் போக வேண்டாம், வீடுதான். இந்த எண்கள் பொதுவாகப் பின்பற்றப்படுபவை. உங்கள் மருத்துவர் வேறு எண் சொன்னால் அவர் சொன்னதுதான்.

படி 2: இடமும் சாமான்களும்

நாற்காலியைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த விபத்துகளில் பாதி நாற்காலியால் வந்தவை. எல்லார் வீட்டிலும் இருக்கும் அந்த பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம். டைல்ஸ் தரையில் அது பின்பக்கமாக வழுக்கும், நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தால் முன்னங்கால் விரியும். சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியும் கூடாது. சாப்பாட்டு மேஜையோடு வருமே, கனமான மர நாற்காலி, அது இருந்தால் நல்லது. மடக்கும் இரும்பு நாற்காலி என்றால் பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று முதலில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். எதுவானாலும் முதுகுப்புறம் சுவரில் முட்டும்படி போட்டு, அடியில் ரப்பர் மிதியடியோ யோகா விரிப்போ விரியுங்கள்.

உட்கார்ந்தால் பாதம் முழுசாகத் தரையில் படிய வேண்டும். பெரியம்மா குள்ளம், கால் தொங்கும். சாப்பிட உட்காரும் பழைய மணைப் பலகையைக் காலுக்குக் கீழே போட்டோம், அளவெடுத்து வைத்த மாதிரி பொருந்தியது. அதுவும் இல்லை என்றால் ஒரு போர்வையை இறுக்கமாக மடித்துப் போடலாம்.

அப்புறம் இரண்டு மூன்று தலையணை, ஒரு போர்வை, ஒரு நீளத் துண்டு, குடிக்கத் தண்ணீர், குமட்டல் வந்தால் வைத்துக்கொள்ள ஒரு கிண்ணம். கிண்ணம் பக்கத்திலேயே இருந்தால் "வாந்தி வந்துவிடுமோ" என்ற பயம் பாதி குறைகிறது, அதனால் அதை விட்டுவிடாதீர்கள். மின்விசிறி மெதுவாக ஓடட்டும். புழுக்கமான அறையில் செய்ய வேண்டாம். ரேடியேஷன் எடுக்கும் இடத்தில் உரசாத, தளர்வான பருத்தித் துணி போதும். வெறும் வயிற்றில்தான் செய்ய வேண்டும் என்ற விதியைக் கீமோ எடுப்பவருக்குப் போடாதீர்கள், பாவம், இரண்டு வாய் கஞ்சி இறங்குவதே பெரிய விஷயம். குடித்து முக்கால் மணி, ஒரு மணி நேரம் போனால் சரி.

படி 3: இன்று எப்படி இருக்கிறது?

தினமும் தொடங்கும் முன் ஒரு நிமிடம் இதைக் கேட்க வேண்டும். நாங்கள் மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டோம். எழுந்து பல் தேய்த்துவிட்டு வந்து உட்கார முடிகிறது, பேச முடிகிறது என்றால் நாற்காலி நாள். எழுந்தால் தள்ளுகிறது, குமட்டுகிறது, ஆனால் படுத்தபடி பேச முடிகிறது என்றால் படுக்கை நாள். பேசவே பிடிக்கவில்லை என்றால் மூச்சு நாள். பெரியம்மாவே சொல்லிவிடுவார், "இன்னிக்கு மூச்சு மட்டும்டி" என்று. அந்த முடிவை நோயாளிதான் எடுக்க வேண்டும். எந்த ஊசி, எந்த ஸ்கேன், எந்தத் தேதி என்று எல்லாவற்றையும் மற்றவர்களே தீர்மானித்துக்கொண்டிருக்கும் ஒரு வாழ்க்கையில், அவர் கையில் இருக்கும் சின்ன விஷயம் இது.

சில நாட்களில் மூன்றுமே கிடையாது, நேராக ஆஸ்பத்திரிதான். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியாக இருப்பது. திடீரென்று மூச்சுத்திணறல், நெஞ்சு வலி. புதிதாக வந்த கடுமையான முதுகுவலி, அதோடு கால் பலமிழப்பது அல்லது சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது. இவற்றில் எது இருந்தாலும் பயிற்சி செய்து பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள், இரவு பன்னிரண்டு மணி ஆனாலும் கிளம்புங்கள்.

படி 4: மூச்சு

எல்லா நாளும் இங்கேதான் தொடக்கம். படுத்தோ, சாய்ந்தோ, உட்கார்ந்தோ, எது வசதியோ அப்படி. ஒரு கை தொப்புளுக்கு மேல். ஆபரேஷன் காயம் அங்கே இருந்தால் கையைத் தொடையில் வைத்துக்கொள்ளலாம். முதல் ஒரு நிமிடம் மூச்சை மாற்றவே வேண்டாம், உள்ளே வருவதையும் வெளியே போவதையும் சும்மா கவனித்தால் போதும். அப்புறம் மூக்கு வழியாக மெதுவாக உள்ளே இழுக்கலாம், வெளியே விடும்போது இழுத்ததைவிடக் கொஞ்சம் நீளமாக விடலாம். உள்ளே மூன்று எண்ணினால் வெளியே நான்கு. பழகின பிறகு நான்குக்கு ஆறு. நடுவில் எங்கேயும் மூச்சை நிறுத்தி வைக்கக் கூடாது. ஆறு சுற்று போதும், தெம்பு இருந்தால் பத்து.

எண்ணுவதே பதற்றமாக இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு எண்ணிக்கை வேண்டாம், முனகல் நல்லது. உதட்டை மூடிக்கொண்டு, மூச்சு வெளியே போகும்போது "ம்ம்ம்" என்று தேனீ மாதிரி ஒலிப்பது, பிராமரி. காதை விரலால் அடைக்க வேண்டியதில்லை. வாய்ப்புண் வந்து வாயைத் திறக்கவே முடியாத நாட்களிலும் இதைச் செய்யலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். ஊசி போடும் நேரத்திலும், ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருக்கும்போதும் பெரியம்மா இதைத்தான் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது.

மூச்சு வாங்குகிறவர்களுக்கு வேறு ஒன்று: மூக்கால் இழுத்து, சூடான காபியை ஊதி ஆற்றுவது போல உதட்டைக் குவித்து மெதுவாக விடுவது. மேஜையில் தலையணை போட்டு அதன்மேல் முழங்கைகளை ஊன்றிக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தபடி செய்தால் இன்னும் எளிது.

விரலால் மூக்கை மாற்றி மாற்றி அடைக்கும் நாடி சுத்தியை நான் கீமோ காலத்தில் தவிர்த்துவிடுவேன். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது கையை மூக்கில் வைப்பது நல்லதல்ல. கட்டாயம் செய்ய வேண்டும் என்று தோன்றினால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான். வேகமாக மூச்சை வீசும் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை அடக்கி வைக்கும் கும்பகம் ஆகியவை இந்தக் காலத்தில் முற்றிலும் கூடாது.

இனி வரும் எல்லா அசைவுக்கும் அளவுகோல் இந்த மூச்சுதான். அசையும்போது மூச்சு சீராகப் போகிறது, நடுவில் ஒரு வார்த்தை பேச முடிகிறது என்றால் அளவு சரி. மூச்சு துண்டு துண்டாகிறது, தன்னையறியாமல் அடக்கிக்கொள்கிறார், வாயைத் திறந்து இழுக்கிறார் என்றால் அசைவு அதிகமாகிவிட்டது, பாதியாகக் குறையுங்கள். கை எவ்வளவு தூரம் போனது என்று பார்க்கவே வேண்டாம்.

படி 5: படுக்கையில்

மல்லாந்து படுத்து, தலைக்கு ஒன்று, முழங்காலுக்கு அடியில் ஒன்று என்று தலையணை வைத்துக்கொள்ளுங்கள். தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் முதுகுக்கு இன்னும் இரண்டைச் சரிவாக அடுக்குங்கள். வயிறு உப்பியிருப்பவர்களும் அப்படித்தான்.

கணுக்காலில் ஆரம்பியுங்கள். மூச்சு உள்ளே வரும்போது பாத விரல்கள் முகத்தை நோக்கி, வெளியே போகும்போது எதிர்ப்பக்கம். பத்து தடவை. படுத்தே கிடப்பவர்களின் காலில் ரத்தம் தேங்காமல் ஓட இது உதவும், மணிக்கு ஒரு தரம்கூடச் செய்யலாம். அப்புறம் கை விரல்களை மூடித் திறப்பது, மணிக்கட்டைச் சுழற்றுவது. டிரிப்ஸ் ஊசி செருகியிருக்கும் கையை விட்டுவிடுங்கள்.

பிறகு ஒரு குதிகாலைப் படுக்கையோடு உரசியபடி மெதுவாக இழுத்து முழங்காலை மடக்குவது; மூச்சு வெளியே போகும்போது மடக்கு, உள்ளே வரும்போது நீட்டு. காலைத் தூக்க வேண்டாம், உரசல்தான். இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு. அது எளிதாகிவிட்டால் இரண்டு முழங்காலையும் மடக்கி வைத்துக்கொண்டு, இரண்டையும் சேர்த்து ஒரு சாண் அளவுக்கு மட்டும் இடது பக்கம், பிறகு வலது பக்கம் சாய்க்கலாம். முதுகெலும்பில் பரவல் உள்ளவர்களுக்கும் வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்களுக்கும் இந்தச் சாய்ப்பு வேண்டாம். ஸ்டோமா பை (வயிற்றில் போட்ட துளை வழியாக மலமோ சிறுநீரோ சேரும் பை) வைத்திருப்பவர்கள் குப்புறப் படுப்பதையும் வயிற்றை அழுத்தும் எதையும் தவிர்க்க வேண்டும்.

கடைசியாகக் கை. நல்ல கை, ஆபரேஷன் ஆன கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும். மூச்சு உள்ளே வரும்போது இரண்டும் சேர்ந்து மேலே, கூரையைப் பார்க்கும்வரை. வெளியே போகும்போது கீழே. நல்ல கைதான் உழைக்கிறது, மற்றது கூடப் போகிறது. நான்கு தடவை. அவ்வளவுதான் படுக்கை நாள்.

படி 6: நாற்காலியில்

நாற்காலியின் முதுகுக்கும் உங்கள் இடுப்புக்கும் நடுவில் ஒரு சின்னத் தலையணை. பாதங்கள் இடுப்பகலம். கைகள் தொடையில். மூன்று மூச்சு சும்மா உட்காருங்கள்.

தோள்களை மூச்சோடு சேர்த்துக் காதை நோக்கி உயர்த்தி, விடும்போது தளரவிடுங்கள், ஐந்து தடவை. மார்பகத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் அந்தப் பக்கத் தோளை வலியால் முன்னால் குறுக்கிக்கொண்டே இருப்பார்கள், பல மாதம் கழித்து அது கழுத்துவலியாக வந்து நிற்கும். அதனால் இதை அவசரப்படுத்தாதீர்கள்.

அடுத்து முதுகு. கைகளை முழங்கால் மேல் வைத்து, மூச்சு உள்ளே வரும்போது மார்பை மேலும் முன்னும் திறந்து, வெளியே போகும்போது முதுகைப் பூனை மாதிரி வளைப்பது. எலும்பு அடர்த்தி மிகவும் குறைந்திருப்பவர்களும் முதுகெலும்பில் பரவல் உள்ளவர்களும் வளைக்கும் பாதியை விட்டுவிட்டு, மார்பைத் திறந்து, நேர் நிலைக்குத் திரும்புவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். திருப்பம் செய்யலாம் என்று அனுமதி உள்ளவர்கள், வலது கையை இடது முழங்காலில் வைத்து, மூச்சு வெளியே போகும்போது தோளும் தலையும் போகிற அளவுக்கு மட்டும் இடது பக்கம் திரும்பி வரலாம். நாற்காலியின் முதுகைப் பிடித்து இழுத்துத் திரும்பக் கூடாது. பக்கத்துக்கு மூன்று.

கால்: மூச்சு உள்ளே வரும்போது ஒரு முழங்காலை நீட்டி, வெளியே போகும்போது இறக்குவது. தொடைத் தசை கரையாமல் இருக்க இது வேண்டும். டாக்சால் வகை மருந்துகள், ஆக்சாலிபிளாட்டின், வின்கிரிஸ்டின் போன்றவை எடுப்பவர்களுக்குப் பாதம் மரத்துப்போகும், "மணல்மேல் நிற்கிற மாதிரி இருக்கு" என்பார்கள். அவர்கள் பாதத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கீழே வைக்க வேண்டும், ஏனென்றால் தரை எங்கே இருக்கிறது என்று பாதம் சொல்லாது.

கைக்கு வரும்போது சுவரில் விரல் நடை. நாற்காலியைச் சுவருக்குப் பக்கவாட்டில் நகர்த்தி, ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையின் இரண்டு விரலைச் சுவரில் வைத்து, எறும்பு ஏறுகிற மாதிரி மேலே நடத்துவது. இழுக்கிறது, ஆனால் வலிக்கவில்லை என்ற இடத்தில் நிறுத்தி, இரண்டு மூச்சு, பிறகு விரல் நடையாகவே இறங்க வேண்டும், கையைத் தொப்பென்று போடக் கூடாது. நாங்கள் அந்த உயரத்தில் பென்சிலால் சின்னதாகக் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதினோம், குழந்தைகளின் உயரம் குறிப்போமே அதே மாதிரி. கோடு சில நாள் இறங்கும், கீமோ ஏறின வாரம் நிச்சயம் இறங்கும். இறங்கினாலும் எழுதுங்கள். ஆறாவது கீமோ முடிவதற்குள் பெரியம்மாவின் கோடு சுவிட்ச் போர்டைத் தாண்டியிருந்தது. கூடத்துக்கு வெள்ளையடிக்க வந்தவரிடம் அந்தச் சுவரை மட்டும் விடச் சொல்லிவிட்டார்.

அக்குள் முடிச்சு எடுத்தவர்கள் அந்தக் கையைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். மோதிரமோ வளையலோ இறுக்குவது, கை கனப்பது, தோல் இறுக்கமாகத் தெரிவது, இவை நிணநீர் வீக்கத்தின் ஆரம்பமாக இருக்கலாம், உடனே காட்டுங்கள். அதற்குப் பயந்து கையை அசைக்காமலே வைத்திருப்பதும் தவறு, தோள் இறுகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் அசைவால் கெடுதல் இல்லை. உள்ளங்கையை ஊன்றி உடம்பின் முழு பாரத்தையும் அந்தக் கையில் போடும் ஆசனங்களை மட்டும் தள்ளி வையுங்கள்.

படி 7: நிற்பது

நல்ல நாளில் மட்டும், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதே முதல் ஆசனம். நுனிக்கு நகர்ந்து, பாதங்களைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை சாய்ந்து, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே எழுவது. நின்று ஒரு மூச்சு. பிறகு, விழாமல், மெதுவாக இறங்கி உட்காருவது. மூன்று தடவை. கழிப்பறைக்குத் தானாகப் போய்வர வேண்டும் என்றால் இந்தப் பலம்தான் வேண்டும், அதனால் வேறு எதை விட்டாலும் நாற்காலி நாட்களில் இதை விடாதீர்கள்.

அதற்கு மேல் முடிந்தால், சுவரில் முதுகு சாய்த்து நேராக நிற்கும் தாடாசனம், அல்லது நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலைக் கொஞ்சம் தூக்கி இறக்குவது. ஒற்றைக்கால் விருட்சாசனம் எல்லாம் சிகிச்சை முடிந்து, பாதத்துக்கு உணர்ச்சி திரும்பின பிறகு பார்த்துக்கொள்ளலாம். சிரசாசனம், சர்வாங்காசனம், தலை இதயத்துக்குக் கீழே போகும் எதுவும் வேண்டாம்.

படி 8: ஓய்வு

பத்து நிமிடம் செய்தால் பத்து நிமிடம் ஓய்வு. சவாசனம் என்ற பெயரை நான் இவர்களிடம் சொல்வதில்லை, அந்தச் சொல் அந்த நேரத்தில் எப்படிக் குத்தும் என்று யோசித்துப் பாருங்கள். "சாஞ்சுக்கறது" என்றே சொல்வோம். மல்லாந்து படுக்க முடியாதவர்கள் இடது பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, மார்போடு அணைத்துக்கொள்ள ஒன்று. போர்வை அவசியம், கீமோ உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

கண்ணை மூடினால் பயம் வருகிறது என்பவர்களும் உண்டு. மூட வேண்டாம். ஜன்னல் கம்பி, கொடியில் காயும் துணி, எதையாவது பார்த்துக்கொண்டிருக்கட்டும். குமட்டல் நாட்களிலும் கண் திறந்திருப்பதே நல்லது. அழுகை வரலாம். பயிற்சியின் நடுவே, காரணமே இல்லாமல். "ஏன் அழறீங்க, தைரியமா இருங்க" என்று சொல்லாதீர்கள், துண்டை எடுத்துக் கையில் கொடுங்கள்.

கீமோ சுழற்சியோடு எப்படிப் பொருத்துவது

21 நாள் சுழற்சி என்று வைத்துக்கொண்டால், மருந்து ஏறின முதல் நான்கைந்து நாள் மூச்சும் படுக்கையும்தான். ஏழாம் நாளிலிருந்து பதினான்கு வரை உடம்பு கொஞ்சம் தேறின மாதிரி இருக்கும், ஆனால் ரத்த அணுக்கள் அப்போதுதான் அடியில் இருக்கும், ஏமாந்துவிடக் கூடாது. வீட்டுக்குள் நாற்காலிப் பயிற்சியோடு நிறுத்துங்கள். மூன்றாவது வாரம்தான் நிற்பதற்கும் வாசல்வரை நடப்பதற்கும். அடுத்த மருந்து ஏறினதும் மறுபடி முதலிலிருந்து. "போன வாரம் இவ்வளவு செஞ்சேனே" என்று மனசு கேட்கும். மருந்தின் கணக்கு அது, உங்கள் சோம்பல் இல்லை. வாரச் சுழற்சி எடுப்பவர்கள் ஒரு நோட்டில் தேதி, நாள் வகை, எவ்வளவு செய்தோம் என்று ஒரு வரி எழுதி வந்தால், மூன்று வாரத்தில் உங்கள் உடம்பின் ஒழுங்கு உங்களுக்கே தெரிந்துவிடும்.

செய்து முடித்த ஒரு மணி நேரத்தில் களைப்பு அடங்கிவிட வேண்டும். மறுநாள்வரை நீண்டால் நேற்று அதிகம், பாதியாக வெட்டுங்கள்.

கூட இருப்பவர்களுக்கு

செய்ய வைக்கும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம், கூடவே செய்யுங்கள். எதிரில் இன்னொரு நாற்காலி போட்டு உட்கார்ந்து அதே வேகத்தில் கையைத் தூக்கினால் நோயாளிக்கு வாயால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. தொடுவதற்கு முன் கேளுங்கள். ஊசியும் குழாயுமாக எத்தனையோ கைகள் கேட்காமல் தொட்ட உடம்பு அது. கையை மேலே தள்ளிவிடாதீர்கள், பாரத்தைக் கீழிருந்து தாங்கினால் போதும். "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். "போதுமா?" என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

எதுவுமே முடியாத நாட்களும் வரும், சிலருக்கு அந்த நாட்களே மிச்சம் என்றும் ஆகும். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கைக்கு அடியில் உங்கள் உள்ளங்கையை வையுங்கள், பிடிக்காமல், சும்மா. அவர் மூச்சைத் திருத்த வேண்டாம். உங்கள் மூச்சு வெளியே போவதை மட்டும் கொஞ்சம் நீளமாக்கிக்கொண்டே, காதுக்குக் கேட்கிற அளவுக்கு விடுங்கள். பல நேரம் ஐந்தாறு நிமிடத்தில் அவர் மூச்சும் அந்த வேகத்துக்கு இறங்கி வரும். வராவிட்டாலும் கையை எடுத்துவிடாதீர்கள்.